இருவர் செல்லத் தக்கது

பிப்ரவரி 3

மச்சானுக்கு,

உன் பெயரில் இருக்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். வேறு எதையும் கிளறப்போவதில்லை. அதனால் பாதியில் மடித்து வைக்காமல் முழுவதும் படி.

வண்டி ஓடுகிறது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வலப்பக்கம் இழுக்கிறது. நேரான சாலையில் கையைத் தளர்த்தினால் நடுக்கோட்டைத் தேடிக்கொண்டு போகிறது. போன மாதம் மேம்பாலத்து வளைவில் எதிரே லாரி வந்தது. இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தேன், வண்டி ஒதுங்கவில்லை. கடைசி நேரத்தில் ஒடித்துத் திருப்பியதில் விழுந்தேன். முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான்.

பட்டறைக்கு எதிரில் இருக்கும் மெக்கானிக்கை உனக்குத் தெரியும். ஸ்பேனர் என்று கூப்பிடுவோமே, அவர்தான். சக்கரத்தைக் கழற்றி, நூல் பிடித்துப் பார்த்தார். வண்டிச் சட்டம் வளையவில்லை, சக்கரம் கோணவில்லை என்கிறார். பின் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றினார். இழுப்பு நிற்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. உன் அக்காவுக்கு வலது முழங்கால் மடங்காது என்பதால் வண்டியின் இடப்பக்கம் அகலமான கால்பலகை ஒன்று பொருத்தினோம். அதுவும் அந்த நீள சீட்டும் சேர்ந்து பின்பக்கம் கனமாக இருக்கிறது. உன் அக்கா போன பிறகு இரண்டுக்கும் வேலை இல்லை. கால்பலகையைக் கழற்றிவிட்டு, ஒருவர் உட்காரும் சீட்டாக நானே தைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். பஸ்ஸுக்கெல்லாம் சீட் தைக்கிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

சட்டப்படிதான் செய்யப்போகிறேன். சீட்டுக்காக வண்டிச் சட்டத்தின் வாலை வெட்டக் கூடாதாம், வெட்ட மாட்டேன். மட்கார்டு டயரை மூட வேண்டும், நம்பர் பலகையும் பின்விளக்கும் மறையக் கூடாது, சைலன்சரைத் தொடவே கூடாது. இளவட்டங்கள் செய்துகொண்டு வருகிற அலங்காரம் எதுவும் எனக்கு வேண்டாம். ஒருவர் சீட் என்றால் பின்னால் இருக்கும் ஃபுட்ரெஸ்டுகளையும் எடுத்து, போல்ட் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். அப்புறம் பதிவுப் புத்தகத்தில் ‘இருவர் செல்லத் தக்கது’ என்று இருப்பதை ‘ஒருவர்’ என்று மாற்றித் தருவார்கள். அதற்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் நீ.

படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அடுத்த கப்பலில் அனுப்பு.

இப்படிக்கு,
அத்தான்


பிப்ரவரி 17

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன்.

கையெழுத்துப் போட முடியாது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மச்சான் முறுக்கிக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். அக்கா போனபோது என்னால் வர முடியவில்லை. புயல் சின்னம் இருந்தது, கப்பலை நிறுத்திவிட்டார்கள். அந்தப் புயலின் காற்றை அளந்து, கடலில் யாரும் இறங்க வேண்டாம் என்று செய்தி அனுப்பியவனே நான்தான். இந்தத் தீவில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, இப்போதும் பேசப்போவதில்லை.

ஆனால் கடைசியில் நான் வந்து சேர்ந்தபோது உங்கள் வீட்டில் என்ன பார்த்தேன்? அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு அடையாளம் இல்லை. ஆணியில் துணி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் சீப்பு இல்லை. எங்கே எல்லாம் என்று கேட்டேன். “குடுத்துட்டேன்” என்றீர்கள். சொல்லிவிட்டு எனக்குத் தட்டு எடுத்து வைத்தீர்கள். லாட்ஜில் ஒருவர் காலி செய்ததும் அடுத்த ஆளுக்கு அறையைத் தயார் செய்த மாதிரி இருந்தது. அதனால்தான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

இப்போது அவளுடையது என்று மிச்சம் இருப்பது அந்தக் கால்பலகை ஒன்றுதான். அந்த முழங்கால் ஏன் மடங்காமல் போனது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுத தம்பியை இறக்கப் போனவள் விழுந்தாள். அதற்காகப் பொருத்திய பலகையைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, சுத்தமாக அடைத்துவிட்டார் என்று சர்க்கார் முத்திரை வேறு வாங்க வேண்டுமா? கால்பலகை பொருத்தக் கையெழுத்துக் கேட்டீர்கள், அன்றைக்கே போட்டு அனுப்பினேன். கழற்றுவதற்குப் போட மாட்டேன்.

நீங்கள் சுத்தம் செய்வதில் கெட்டிக்காரர் அத்தான். வண்டியிலாவது கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்.

வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் பிடித்து ஓட்டுங்கள்.

உங்கள் மச்சான்


மார்ச் 3

மச்சானுக்கு,

சீப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதன் பல்லில் அவள் முடி இருந்தது. கழுவி வைப்பதா, அப்படியே வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் துணிப்பையோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது.

வண்டி விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் யாரும் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒருவர் சீட்டுக்கு அளவெடுக்கலாம் என்று பழைய சீட்டைக் கழற்றி என் மேசையில் கவிழ்த்தேன். ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கி ரெக்சின் உறையை உரித்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் மஞ்சளாகி, ஓரத்தில் ரொட்டி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. அதை வெளிச்சத்தில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

பஸ் சீட்டில் எத்தனையோ பேர் உட்காருவார்கள். பள்ளம் நடுவில் விழும். அது யாருடையது என்று சொல்ல முடியாது. இதில் சொல்ல முடிந்தது. பின்பாதியில் பள்ளம் இடப்பக்கம் இருந்தது. அது உன் அக்கா. காலை மடக்க முடியாமல் எப்போதும் இடப்பக்கமாகத்தானே உட்காருவாள். முன்பாதியில் பள்ளம் வலப்பக்கம் இருந்தது. அது நான்.

அவள் பாரம் இடப்பக்கம் இழுத்திருக்கிறது. வண்டி சாயாமல் இருக்க நான் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொல்லித் தந்து செய்ததில்லை. செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் என் முதுகில் தட்டி “இங்க திரும்புங்க, கடையத் தாண்டிட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு, பாதி சீட்டில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். இப்போது பின்னால் பாரம் இல்லை. நான் மட்டும் இன்னும் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்பேனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பாஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வண்டி நேராத்தான் இருக்கு. நீங்கதான் சாஞ்சு போயிருக்கீங்க. உங்களக் கழட்டி மாட்ட எங்கிட்ட ஸ்பேனர் இல்ல” என்றார். சிரித்தேன்.

ஆக, இழுப்புக்குக் காரணம் கால்பலகை இல்லை. கழற்ற வேண்டாம் என்று நீ சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொள். இருந்தாலும் கையெழுத்து வேண்டும். புது ஸ்பிரிங் போட்டதைப் புத்தகத்தில் பதிய ஒரு ஆய்வு உண்டு. இருவர் வண்டி என்றால் பின்னால் ஆளை உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருவர் வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

யோசித்துப் பார்.

அத்தான்


மார்ச் 16

அத்தானுக்கு,

சீப்பைப் பற்றி எழுதியதைப் படித்தேன். மற்றதற்கு மட்டும் எழுதுகிறேன்.

இழுப்புக்குக் காரணம் கால்பலகை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். புது ஸ்பாஞ்ச் போட்டால் முன்பாதி சமமாகிவிடும். பிறகு எதற்கு ‘ஒருவர்’? ஆளை உட்காரவைத்துக் காட்டுவது தொல்லை என்கிறீர்கள். அதில் என்ன தொல்லை? பட்டறையில் ஒரு பஸ் நிறைய ஆள் இருக்கிறார்கள். யாரையாவது தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரையே கூட்டிக்கொண்டு போங்களேன்.

நான் சொல்வதை வைத்துக் கோபப்படாதீர்கள். இங்கே நாலு பேர் இருக்கிறோம். அதில் ரேடியோக்காரர் பேச மாட்டார், சமையல்காரர் நிறுத்த மாட்டார். சாலை என்று ஒன்று கிடையாது. இருக்கிற ஒரே பாதை குடியிருப்பிலிருந்து காற்றளக்கும் கம்பம் வரை போகிறது. அதில் ஒரு ஆள்தான் நடக்கலாம். சாலையும் ஆட்களும் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஏற ஆள் கிடைப்பது தொல்லை என்று நீங்கள் எழுதினால் எனக்குப் புரியவில்லை.

மச்சான்


மார்ச் 30

மச்சானுக்கு,

புரியும்படி எழுதுகிறேன்.

உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே ஆய்வு நிலையத்துக்கு ஒரு தடவை போனேன். அதைச் சொல்லாமல் விட்டேன். நிலையம் என்றால் நாலு பக்கமும் சுவர் வைத்த பெரிய முற்றம். தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதன் மேலேயே ஓட்டிப்போய், முடிவில் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். ஆய்வாளர் ஒரு இளம்பெண். மரியாதையாகப் பேசினாள். விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் பார்த்தாள். கால்பலகையைக் குனிந்து பார்த்து, புத்தகத்தில் பதிவாகியிருப்பதைச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, “பின்னாடி உக்கார்றவங்க எங்க சார்?” என்றாள்.

யாரும் வரவில்லை என்றேன்.

“வெளியில நிக்கிறாங்களா?”

இல்லை என்றேன். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டு வண்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். அவள் அவசரப்படவில்லை. “பரவால்ல, யாருக்காவது போன் பண்ணுங்க. வர்ற வரைக்கும் அடுத்த வண்டியப் பாக்குறேன்” என்றாள்.

ஓரமாகப் போய்ப் போனை எடுத்தேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ரெக்சின் கடை. ஸ்டேப்ளர் பின் சப்ளை. வீட்டு ஓனர். பட்டறை மேஸ்திரி. காஸ். உன் அக்கா. பட்டியல் அதோடு முடிந்தது. மறுபடி மேலிருந்து தள்ளினேன், ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்ததால். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்முனையில் யாரும் இல்லை. “அவருக்கு வேலை இருக்காம்” என்று வந்து சொன்னேன்.

நம்பினாளோ இல்லையோ. “தனியாத்தான் ஓட்டுறீங்கன்னா ஒருத்தர் வண்டின்னு மாத்திக்கலாமே சார். அப்போ யாரையும் கூட்டிட்டு வர வேண்டாம்” என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். அங்கிருந்து வந்தது இந்த யோசனை.

அதற்குப் பிறகு முயற்சி செய்யாமல் இல்லை. ஸ்பேனர் உட்காரக் கூடாது. வண்டியில் வேலை பார்த்தவர் சோதனைக்கு வரக் கூடாது என்று விதி. தவிர அவர் ஏறினால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். பெயின்ட் அடிக்கிறவர் வருகிறேன் என்றார். அன்று காலை அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. வீட்டு ஓனரிடம் கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “அவங்க உக்காந்த எடத்துலயா?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்ப்பதிலேயே சாயங்கால மணி அடித்துவிட்டது. எல்லோரும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு போனார்கள். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனோ உன் அக்கா இருந்தவரை எனக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை. பேச்சு முழுக்க அவள் பேச்சு. ஊர்க்காரர்களோடு பழகியதெல்லாம் அவள்தான். நான் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன்.

இதுதான் தொல்லை. ஏப்ரல் கடைசிக்குள் மறுபடி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். பட்டறைக்குப் பஸ்ஸில் போய்விடலாம், அது ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி வாசலில் நின்றுவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எங்கே கிளம்புவது? இப்போது வண்டி இருப்பதால் ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஒரு சுற்றுப் போய் வருகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 13

அத்தானுக்கு,

இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில் வருகிறோம். துறைமுகத்தில் தபால் மூட்டையைப் பிரிக்க நேரமாகும். தபால்காரரை முந்திக்கொண்டு நான் வந்துவிடுவேன். அப்படியானால் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எழுதாமல் வந்தால் வாசலில் நின்று என்ன பேசுவதென்று தெரியாது. போன தடவை மாதிரி ஆகிவிடும். அதனால் பேச வேண்டியதை இதில் எழுதிவிடுகிறேன். நேரில் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ‘மாற்றத்தின் விவரம்’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை. ஸ்பிரிங் என்று மட்டும் எழுதுவதா, ஒருவர் சீட் என்றும் சேர்த்து எழுதுவதா என்பது உங்கள் இஷ்டம். தினமும் ஏறி ஓட்டுகிறவர் நீங்கள். புத்தகத்தில் என் பெயர் இருப்பதால் நான் சட்டம் பேசியது அதிகப்படிதான்.

‘இருவர்’ என்றே இருக்கட்டும் என்று தோன்றினால், பின்னால் உட்கார நான் இருக்கிறேன். என் வேலையைப் பத்து நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று ரேடியோக்காரர் சொன்னார். அவர் இந்த வருஷம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ஒன்றே ஒன்று. நான் வருவதற்குள் கால்பலகையைக் கழற்றியிருந்தால் திரும்பும்போது துறைமுகத்துக்கு நடந்தே போவேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

மச்சான்


மே 11

அத்தானுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. நான் இல்லாதபோது ரேடியோக்காரர் எடுத்து வைத்த அளவுகள் என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கின்றன. இதை அவரிடம் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் வந்துவிட்டேன். படகுத்துறையில் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கயிறு கட்டுகிறவனிடம் கப்பல் சீட்டின் தையலைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டு நின்றீர்கள். சங்கு ஊதிவிட்டது.

ஆய்வு நிலையத்தில் முதல் ஓட்டத்தில் நாம் வெள்ளைக் கோட்டை விட்டு வலப்பக்கம் போய்விட்டோம். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். “என்ன ஆச்சு சார்?” என்றாள். பழக்கம் விட்டுப்போச்சு என்றீர்கள். எனக்கு முன்னால் உங்கள் முதுகுதான் தெரிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள், அவசரமில்லை என்றாள். இரண்டாவது தடவை வண்டி கோட்டின் மேலேயே போனது. கடைசி வரை. “இப்போ சரியா இருக்கு” என்று எழுதிக்கொண்டாள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிவிட்டதாக நினைத்திருப்பீர்கள். திரும்பும் வழியில் ஒரு மாதிரி மிதப்பாக ஹாரன் அடித்தீர்கள்.

நீங்கள் நிமிரவில்லை அத்தான். இரண்டாவது தடவையும் அதே மாதிரி வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தீர்கள். பின்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். நான்தான் இடப்பக்கம் சாய்ந்தேன்.

சாய்ந்தேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. சீட்டில் உட்கார்ந்தபோதே இடப்பக்கம் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. முதல் ஓட்டத்தில் விழுந்துவிடுவேனோ என்று இடுப்பை இறுக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தேன். இரண்டாவதில் இறுக்கவில்லை. சீட் எங்கே கொண்டு போகிறதோ அங்கே உட்கார்ந்தேன். இடது காலைப் பலகையில் ஊன்றிக்கொண்டேன். வண்டி நேராகிவிட்டது.

புது ஸ்பாஞ்ச் போட்டதாகத்தானே சொன்னீர்கள்? அது ஏன் ஒரு பக்கம் இறங்குகிறது என்று இங்கே வந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். இங்கே செல்போன் கோபுரம் இல்லை, கூப்பிட்டால் கிடைக்காது. இருந்தாலும் உங்கள் போனில் போட்டு வையுங்கள். தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு பெயர் கூடும்.

மச்சான்


மே 25

மச்சானுக்கு,

உன் எண்ணைப் போட்டுக்கொண்டேன். சரியாக இருக்கிறதா என்று கூப்பிட்டும் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொல்கிறாள். மறுபடி கூப்பிட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் அதையே சொல்கிறாள்.

புதுப் பதிவுப் புத்தகம் வந்துவிட்டது. மாற்றத்தின் விவரம்: பின் ஸ்பிரிங் இரண்டு. அதற்குக் கீழே ‘இடப்புறம் கால்பலகை’ என்று பழையபடி இருக்கிறது. அதற்கும் கீழே ‘இருவர் செல்லத் தக்கது’. உரிமையாளர் பெயரில் எழுத்துப்பிழை செய்திருக்கிறார்கள். திருத்த வேண்டுமானால் நீ நேரில் வர வேண்டுமாம். அவசரமில்லை.

அன்று உன்னை ஏற்றிவிட்டுத் துறைமுகத்திலிருந்து வரும்போது, கிடங்குகளைத் தாண்டியதும் வண்டி வலப்பக்கம் போக ஆரம்பித்தது. வெள்ளைக் கோட்டில் நேராகப் போனதே என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, டயரைக்கூட அமுக்கிப் பார்த்தேன். இப்போது உன் கடிதத்தைப் படித்த பிறகு புரிகிறது. அன்று ஹாரன் அடித்ததற்காக வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். நீ வருவதற்கு முன்தினம் ஸ்பாஞ்சை நடுவில் குறுக்காக அறுத்தேன். முன்பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தேன். பலகை மாதிரி சமமாக இருக்கிறது. அப்படியும் நான் சாய்கிறேன் என்றால் அந்தப் பள்ளம் ஸ்பாஞ்சில் இல்லை போலிருக்கிறது. பின்பாதியையும் தூக்கிப் போடத்தான் கையில் எடுத்தேன். கழிவுத் தொட்டி வரைக்கும் போனேன்.

திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். உதிர்ந்த ஓரத்துக்கு மட்டும் புதுத் துண்டு ஒட்டினேன். இரண்டு பாதியையும் சேர்த்து, மேலே ஒரே ரெக்சினாக இழுத்துத் தைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் சமமாகத் தெரியும்படி அந்த இடத்தில் உறையை மட்டும் கொஞ்சம் விறைப்பாக இழுத்திருக்கிறேன். உட்கார்ந்தால்தான் தெரியும். ஆய்வு நிலையத்துப் பெண் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், பிடித்துக்கொள்ளும் வார் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் விதிப்படி இருந்தது. உறைக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அத்தான்